எண்ணெயா, தைலமா, தீநீரா?

குற்றாலம் போய் வந்த வீடுகளில் ஈரத் துண்டு காய்வதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடக்கும். பை அவிழும். முதலில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் இறங்கும். பிறகு காகிதப் பொட்டலத்தில் கிராம்பு, ஏலம், ஜாதிக்காய். கடைசியாக நாலைந்து சின்னப் பாட்டில்கள். தலைவலிக்கு ஒன்று, முழங்கால் வலிக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று, முகத்துக்குத் தடவ ஒன்று. "எல்லாம் மூலிகைதாம்மா, பயமே இல்லை. பச்சப் பிள்ளைக்குக்கூடத் தடவலாம்" என்று சொல்லி விற்றிருப்பார்கள். அத்தனையும் அலமாரியில் ஒரே தட்டில் வரிசையாகப் போய் உட்கார்ந்துவிடும்.

சகோதரிகளே, இன்றைக்கு அந்தத் தட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதில் இருப்பவற்றை நாம் எல்லாவற்றையும் 'எண்ணெய்', 'தைலம்' என்று ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். ஆனால் உள்ளே இருப்பது மூன்று வெவ்வேறு ஜாதிச் சரக்கு. ஒன்றைக் கையளவு ஊற்றலாம். ஒன்றைச் சொட்டுக் கணக்கில்தான் தொடவேண்டும். ஒன்று வெறும் வாசனைத் தண்ணீர். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் பெரியவர்களுக்குத் தோல் எரிச்சலோடு போய்விடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அப்படிப் போகாது.

மூன்று ஜாதி

முதலாவது, காய்ச்சிய எண்ணெய். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் இவற்றில் மூலிகையைப் போட்டு, ஈரம் வற்றும் வரை காய்ச்சி வடிகட்டியது. நம் வீட்டுக் கரிசலாங்கண்ணித் தைலம், செம்பருத்தி எண்ணெய் எல்லாம் இந்த ஜாதி.

இரண்டாவது, வடித்தெடுத்த வாசனை எண்ணெய். கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், புல்தைலம் போன்றவை. இங்கிலீஷில் 'எஸென்ஷியல் ஆயில்' என்கிறார்கள். அப்படியென்றால் 'அத்தியாவசியமான எண்ணெய்' என்று அர்த்தம் இல்லை. செடியின் எஸென்ஸ், அதாவது மணத்தின் சாரம் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, தீநீர். செடியையோ பூவையோ தண்ணீரோடு கொதிக்கவிட்டு, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த நீர். சித்த மருத்துவத்தில் இதற்குப் பெயரே தீநீர்தான். பன்னீரும் ஓம வாட்டரும் இந்த ஜாதி.

சமையல் பாஷையில் சொன்னால் சட்டென்று மனசில் நிற்கும். காய்ச்சிய எண்ணெய் சாம்பார் மாதிரி, கரண்டியால் ஊற்றலாம். வாசனை எண்ணெய் பெருங்காயக் கட்டி மாதிரி, கிள்ளித்தான் போடவேண்டும். தீநீர் தெளிந்த ரசம் மாதிரி. பெருங்காயக் கட்டியை யாராவது கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவார்களா? சாப்பாட்டுச் சாமான்தானே என்று சொல்லிக் குழந்தைக்குக் கொடுப்பார்களா?

கஷாயம் மணந்தால் என்ன அர்த்தம்?

குற்றாலநாதர் கோயில் வழக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. சுவாமிக்கு மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்தியதால் வந்த தலைவலி தீரவேண்டும் என்று அதற்கொரு கதை சொல்வார்கள். இரவில் கஷாயம் நைவேத்தியம். அருவிச் சாரலிலேயே இருக்கிற சுவாமிக்கு ஜலதோஷம் பிடித்துவிடக் கூடாதே என்ற பரிவு!

தைலத்தில் மூலிகையின் எண்ணெயில் கரையும் சத்து இறங்குகிறது. கஷாயத்தில் தண்ணீரில் கரையும் சத்து இறங்குகிறது. ஆனால் அடுப்பில் சுக்குக் கஷாயமோ ஓமமோ கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அது என்ன? மணக்கிறது என்றாலே வாசனைச் சத்து பாத்திரத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுப்பை விட்டு இறக்கும்போதுதான் ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுகிறோம் இல்லையா? காரணம் இதுதான்.

இப்படி ஓடிப்போகிற மணத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்குத்தான் 'வாலை' என்ற பாத்திரம். இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதல்லவா? அதேதான் தத்துவம். பானையில் செடியும் தண்ணீரும் கொதிக்கும். ஆவி மேலே எழும்பி, ஒரு குழாய் வழியாகப் போய், குளிர்ந்து, இன்னொரு பாத்திரத்தில் சொட்டும். வடக்கே உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்றைக்கும் செம்புப் பானையும் மூங்கில் குழாயும் வைத்து இப்படித்தான் அத்தர் வடிக்கிறார்கள்.

இதில் ஒரு அதிசயம். வாசனைச் சத்துக்களைத் தனியாகச் சூடாக்கினால் பெரும்பாலும் 150, 200 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். ஆனால் நீராவியோடு சேர்ந்துவிட்டால் 100 டிகிரிக்குள்ளேயே கிளம்பி வந்துவிடும். செடி கருகுவதில்லை, மணமும் கெடுவதில்லை.

சொட்டிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் இரண்டாகப் பிரியும். மேலே மெல்லிய ஏடாக எண்ணெய். கீழே வாசனைத் தண்ணீர். மேலே நிற்பதுதான் வாசனை எண்ணெய், கீழே நிற்பதுதான் தீநீர். கிராம்பெண்ணெய் போன்ற சில மட்டும் தண்ணீரை விடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். ஆக, ஒரே பானையில் பிறந்த அக்கா தங்கைதான் இரண்டும். ஆனால் குணம் வேறு. அக்காவின் காரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தங்கைக்குக் கிடையாது.

செடியில் எங்கே இருக்கிறது?

செடிக்குச் செடி இடம் மாறும். கிராம்பில் பூ மொட்டில். ஓமத்தில் விதையில். வெட்டிவேரில் வேரில். பட்டையில் மரத்தோலில். எலுமிச்சையில் சாற்றில் இல்லை, மேல்தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற பைகளில். எலுமிச்சைத் தோலை மடித்து விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் பிதுக்கினால் படபடவென்று பொறி பறக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறிதான் எண்ணெய். வாசனை எண்ணெய் எல்லாமே நெருப்புப் பிடிக்கும் சரக்கு. அதனால் பூஜை அலமாரியிலும் அடுப்பு மேடையிலும் இந்தப் பாட்டில்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நல்ல கிராம்பு 100 கிலோ வடித்தால் 15 முதல் 20 கிலோ வரை எண்ணெய் கிடைக்கும். ஓமத்தில் 2 முதல் 4 கிலோ. யூகலிப்டஸ் இலையில் ஒன்று அல்லது இரண்டு கிலோ. ரோஜாவுக்கு வந்தால் தலை சுற்றும். 1 கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய 3,000 முதல் 5,000 கிலோ இதழ் வேண்டும்!

நம் சங்கரன்கோவில் பக்கத்து மல்லிகை இருக்கிறதே, அது வாலைக்கே அடங்காது. கொதிக்கும் சூட்டில் அதன் மணம் குலைந்துவிடும். அதனால் மல்லிகையை ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்துத்தான் சாரம் எடுக்கிறார்கள். அதற்கும் கிலோவுக்கு 700 முதல் 1,000 கிலோ வரை பூ போகும். நாம் பூ வாங்குகிற விலையை நினைத்துக்கொண்டு இதைப் பெருக்கிப் பாருங்கள். கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு பாட்டில் 'சுத்தமான மல்லிகை எண்ணெய்' என்று நீட்டினால், அதில் மல்லிகை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அது செயற்கை வாசனை கலந்த எண்ணெய். தலையில் தடவ ஆசையாக இருந்தால் தடவுங்கள், ஆனால் மருந்து என்று நம்பி அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

குற்றாலத்துக் கிராம்பு

கிராம்பு நம் ஊர் மரமே இல்லை. கிழக்கே மொலுக்காஸ் தீவுகளில் பிறந்தது. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் தோட்டம் போட்டு, கிராம்பு, ஜாதிக்காய் முதலிய கன்றுகளை வளர்த்துப் பார்த்தது. சாரலும் மலைக் காற்றும் அவற்றுக்குப் பிடித்துப் போயின. கம்பெனி போய்விட்டது, மரம் நின்றுவிட்டது. இன்றும் குற்றால மலையில் கிராம்புத் தோட்டங்கள் இருக்கின்றன.

கிராம்பெண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். மரத்துப் போகச் செய்யும், கிருமியைக் கொல்லும். பல் டாக்டர்களும் இதை வெகுகாலமாக உபயோகிக்கிறார்கள். பல்வலி தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இல்லை என்றால், பெரியவர்கள் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு, ஈறில் படாமல், பல்லின் குழியில் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் டாக்டரிடம் காட்டிவிடவேண்டும். வலி மரத்துப் போனதே தவிர சொத்தை போகவில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு சொட்டுக் கிராம்பெண்ணெய் என்பது மூன்று நாலு கிராம்பின் மொத்தச் சாரம். ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 100 சொட்டு. அப்படியானால் ஒரு டீஸ்பூன் என்பது முந்நூறு கிராம்புக்கு மேல்! பிரியாணிக்கு நாலு கிராம்பு போட்டாலே "காரமா இருக்கு" என்று ஒதுக்கி வைக்கிறோம்.

1993-இல் பிரிட்டனில் ஒரு மருத்துவ இதழில் வந்த விவரம் இது. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 5 முதல் 10 மி.லி. கிராம்பெண்ணெயைக் குடித்துவிட்டது. ஒன்று, இரண்டு டீஸ்பூன்தான். நினைவு தப்பியது, கல்லீரல் பாதித்தது. தீவிர சிகிச்சைக்குப் பிறகே பிழைத்தது. அதனால் பல் முளைக்கிற குழந்தையின் ஈறில் "ஒரு சொட்டுதானே" என்று தடவவேண்டாம். ஒன்பது மாதக் குழந்தைக்கு அந்த ஒரு சொட்டே காரம், எரியும், தொண்டைக்குள்ளும் இறங்கும். சுத்தமான ஈரத் துணியைக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள், அது போதும்.

கற்பூரமும் யூகலிப்டஸும்

அடுத்து, நம் எல்லோர் வீட்டிலும் நடக்கிற சங்கதி. குழந்தைக்குச் சளி. மூக்கு அடைத்து இரவெல்லாம் சிணுங்குகிறது. தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கற்பூரத்தைப் போட்டுக் கரைத்து, நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்கிறோம். இன்னும் கொஞ்சம் சுகம் கிடைக்கட்டும் என்று மூக்கின் கீழேயும் ஒரு பொட்டு.

"எங்க ஆச்சி காலத்திலேருந்து செய்றோம், ஒண்ணும் ஆகலையே" என்பீர்கள். உண்மைதான். ஆச்சி செய்த அத்தனையும் தப்பு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர்கள் கண்டிருக்கிற விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். கற்பூரம் வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். போனதும் மூளையைத் தூண்டும். சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம், அதுவும் சில நிமிஷங்களிலேயே. விழுங்கிவிட்டால் 1 கிராம் கற்பூரமே ஒரு சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கற்பூரம் கரைத்த எண்ணெயை அமெரிக்காவில் 1982-லேயே விற்பனையிலிருந்து தடை செய்துவிட்டார்கள். குழந்தைகள் அதை மருந்து என்று குடித்து விபரீதமானதுதான் காரணம்.

யூகலிப்டஸும் அப்படித்தான். 1843-இல் நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலிய மரம் அது. இன்றைக்கு ஊட்டி போகிறவர்கள் அதன் தைலம் இல்லாமல் திரும்புவதில்லை. பெரியவர்களுக்கு மூக்கடைப்பில் சுகமாக இருக்கும். கைக்குழந்தையின் மூக்கருகே வைத்தால் சில சமயம் தொண்டை இறுகி மூச்சே தடைப்படும். விழுங்கினால் வலிப்பும் மயக்கமும் வரும். பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கற்பூரத் தைலமும் யூகலிப்டஸும் உபயோகித்த பிறகு வலிப்பு வந்த நோயாளிகளைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் இந்தத் தைலங்களைத் தொடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

சரி, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது? தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கில் விட டாக்டர் சொல்லும் உப்புநீர்ச் சொட்டு மருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் குழந்தை அருகே கொண்டு வராதீர்கள். ஆவி பிடிக்க வைக்கப் போய்ச் சூடு பட்ட பிள்ளைகள் அநேகம். மூச்சு வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

வீட்டில் மாமியார் தேய்க்கத்தான் வேண்டும் என்றால் சண்டை வேண்டாம். "அத்தை, கற்பூரம் மட்டும் வேண்டாம். வெறும் தேங்காயெண்ணெயை இளஞ்சூடாத் தேய்ச்சு விடுங்க. உங்க கை பட்டாலே பிள்ளை தூங்கிரும்" என்று சொல்லுங்கள். அத்தைக்கும் திருப்தி, பிள்ளைக்கும் சுகம். சுகம் தருவதில் பாதி அந்தக் கையின் சூடுதான்.

குழந்தை குடித்துவிட்டால்

* வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எதுவும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம்.
* "கொஞ்சம்தானே குடிச்சது, பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். எது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியவேண்டும்.
* கண்ணிலோ தோலிலோ கொட்டிவிட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஓம வாட்டர் விஷயம்

ஓமத் தீநீர் பெரியவர்களின் பொருமலுக்கு நல்ல கைமருந்து. ஓமத்தின் காரமான மணத்துக்குக் காரணம் தைமால். அது கட்டியாகப் பிரிந்து வந்தால் ஓம உப்பு என்போம். முதல் உலகப் போருக்கு முன்னால் ஜெர்மானியர்கள் நம் நாட்டு ஓமத்தை வாங்கித்தான் தைமால் தயாரித்தார்கள். அப்படியொரு கிருமிநாசினி அது.

ஆனால் பிறந்த குழந்தைக்கு? ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் இன்றைய மருத்துவ ஆலோசனை. ஓம வாட்டரும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். குழந்தை அழுதால் தோளில் போட்டு முதுகைத் தட்டிக் கொடுங்கள், ஏப்பம் வரட்டும். இன்னொன்று: ஓம வாட்டர் வேறு, ஓம எண்ணெய் வேறு. இரண்டும் சின்னப் பாட்டிலில்தான் வருகின்றன. அவசரத்தில் மாற்றி எடுத்தால் தங்கைக்குப் பதில் அக்கா வந்துவிடுவாள்.

பெரியவர்களுக்குச் சொட்டுக் கணக்கு

வாசனை எண்ணெயை அப்படியே தோலில் தடவக்கூடாது. ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டு, மிஞ்சிப் போனால் இரண்டு சொட்டு. அதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அந்தச் சரக்கு உங்களுக்கு ஆகாது. உள்ளுக்குச் சாப்பிடுவது, டீயில் சொட்டு விடுவது எல்லாம் வைத்தியர் சொல்லாமல் செய்யவே கூடாது.

புளியங்குடிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சைக்குப் பேர் போன ஊர் உங்களுடையது. ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிய கையோடு மொட்டை மாடி வெயிலில் நின்றால், ஓரிரண்டு நாள் கழித்துக் கையில் சிவப்பும் கொப்புளமும் வந்து, பிறகு கறுப்புத் திட்டாக நிற்கும். எலுமிச்சைத் தோலில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேரும்போது செய்யும் வேலை அது. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய்க்கும் இதே குணம் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள். 'முகம் வெளுக்கும்' என்று யாராவது அந்த எண்ணெயைக் கொடுத்தால், வெளுப்பதற்குப் பதில் கறுத்துப் போகும், ஜாக்கிரதை.

வாங்கியது எந்த ஜாதி என்று தெரியவில்லையா? வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். எண்ணெய்க் கறை அப்படியே நின்றால் அது காய்ச்சிய எண்ணெய், அல்லது வேறு எண்ணெய் கலந்த சரக்கு. கறை பெரும்பாலும் மறைந்துபோனால் வடித்த வாசனை எண்ணெய். சந்தனம், வெட்டிவேர் மாதிரிக் கனமான எண்ணெய்கள் மட்டும் கறையாக நிற்கும்.

வீட்டிலேயே பன்னீர்

கடையில் கல்யாணத்துக்குத் தெளிக்க விற்கிற பன்னீரில் பல, தண்ணீரில் வாசனை கலந்தவைதான். தெளிக்கலாம், முகத்துக்கும் வாய்க்கும் வேண்டாம். வீட்டில் பன்னீர் ரோஜாச் செடி இருந்தால் நாமே வடிக்கலாம். மருந்தடித்த கடைப்பூ கூடாது.

வாய் அகன்ற பெரிய பாத்திரத்தின் நடுவில் ஒரு சின்ன ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணம் வையுங்கள். கிண்ணத்தைச் சுற்றி இரண்டு கை இதழ். இதழ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கிண்ணத்துக்குள் தண்ணீர் போகக்கூடாது. மூடியைக் குப்புறத் திருப்பி, பிடி கிண்ணத்தைப் பார்க்கும்படி மூடுங்கள். மூடிமேல் ஐஸ் கட்டி, அல்லது மாற்றி மாற்றிக் குளிர்ந்த தண்ணீர். அடுப்பு சிறு தீயில் 20, 30 நிமிஷம். அடிப்பாத்திரத்தில் தண்ணீர் வற்றக்கூடாது. ஆவி மூடியில் பட்டு, பிடி வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். அதுதான் பன்னீர்.

எண்ணெய் மிதக்கிறதா என்று தேடாதீர்கள், இரண்டு கை இதழில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நஷ்டமில்லை. ரோஜா மணத்தின் முக்கியமான ஒரு பகுதி தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. வடிக்கும்போது அது எண்ணெயை விட்டுத் தண்ணீரில்தான் தங்குகிறது. லட்சக்கணக்கில் விலை போகிற ரோஜா எண்ணெயில் குறைவாக இருக்கிற அந்த மணம் உங்கள் கிண்ணத்துப் பன்னீரில் இருக்கிறது!

கொதிநீரில் அலசிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பத்து நாளுக்குள் உபயோகித்துவிடவேண்டும். கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

வாசகியர் கேட்கிறார்கள்

*பன்னீரைக் கண்ணில் விட்டால் குளிர்ச்சி என்கிறார்களே?*
வேண்டாம். வீட்டுப் பன்னீரும் சரி, கடைப் பன்னீரும் சரி, கண் மருந்து போலக் கிருமியற்றது அல்ல. பஞ்சில் நனைத்து மூடிய இமைமேல் வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ச்சி தானாக இறங்கும்.

*நான்கு மாதக் கர்ப்பம். தலைக்கு மூலிகை எண்ணெய் தேய்க்கலாமா?*
வழக்கமாகத் தேய்க்கும் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போன்ற காய்ச்சிய எண்ணெயைத் தேய்க்கலாம். வடித்த வாசனை எண்ணெய்களை உங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். தலையில் மல்லிகைப் பூ? தாராளமாக!

*செங்கோட்டையைத் தாண்டினால் புல்தைலம் விட்டுத் தரை துடைக்கிறார்கள். தவழும் குழந்தை இருக்கிறது, நாங்களும் செய்யலாமா?*
கேரளத்தில் வெகுநாள் வழக்கம் அது. வாளித் தண்ணீரில் சில சொட்டுப் போதும். தரை முழுக்கக் காய்ந்த பிறகு குழந்தையை இறக்கி விடுங்கள். கொசுவுக்கு இதையே நம்பாதீர்கள், மணம் போனதும் கொசு வந்துவிடும். வலை கட்டுங்கள்.

*எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கலாமா?*
அந்தக் காலத்து வழக்கம் அது. இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. நல்லதுதான், கீழே அந்தத் தண்ணீரை நம்பி வயலும் ஊரும் இருக்கின்றன.

இன்றே செய்யவேண்டியது

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த அலமாரியைத் திறங்கள். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, காகிதம் ஒட்டிப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'காய்ச்சிய எண்ணெய்', 'சொட்டு எண்ணெய்', 'தீநீர்'. பேர் தெரியாத பாட்டில் இருந்தால் அதற்கு வீட்டில் இடமில்லை. சொட்டு எண்ணெய்களையும் கற்பூர டப்பாவையும் பூட்டுகிற அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். வெயிலும் சூடும் படாத இடமாக இருக்கட்டும். வருஷக்கணக்காகக் கிடக்கிற பழைய எண்ணெய் தோலை இன்னும் அதிகம் எரிக்கும், அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகும்போது கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது காய்ச்சினதா, வடிச்சதா?" பதில் தெரிந்த கடையில் வாங்குங்கள். தெரியாத கடையில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.